டெஸ்டர் அண்ணாத்தேயும் மண்ணுக்கடியில் ‘அவரும்’

ஆவடி வட்டாரத்திலேயே மின்சாரத்தைக் கண்டு முறையாகப் பயப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு எலக்ட்ரீஷியன். மற்றபடி நாம் எல்லோரும் ஈரக் கையோடு சுவிட்ச் போடுகிற வீராதி வீரர்கள்.

கோவில்பதாகையில் போய் ‘டெஸ்டர் அண்ணாத்தே’ என்று கேட்டால் பால்காரர் முதல் பல் டாக்டர் வரை வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் சம்சாரமே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அதன் முனையை வைத்து, உள்ளே இருக்கும் குட்டி விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது கேட்டில் வைத்துப் பார்த்தார், ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தார். அதுவரை நியாயம். என் மனைவி கஸ்தூரி எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரிலும் வைத்துப் பார்த்தார்.

“காபியில ஏதுங்க கரண்டு?” என்றாள் அவள், பாதி சிரிப்பும் பாதி கோபமுமாக.

“தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. அவரு எப்ப எங்க கீறாருன்னு யாருக்கும் தெரியாது.”

‘அவரு’ என்றது மின்சாரத்தை. பெண்களுக்கும் மின்சாரத்துக்கும் மட்டும்தான் அண்ணாத்தே மரியாதை கொடுப்பார். என்னைப் போன்ற ஆண் பிள்ளைகள் எல்லாம் ‘நீ’தான். முன்னால் ஒரு ‘சார்’ போடுவார், அது வேறு விஷயம்.

ஒரு கல்யாணத்தில் மண்டப வாசல் அலங்கார வளைவில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்துவிட்டது. சீரியல் பல்பு வயர் எங்கேயோ தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான், வாசலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறதே என்று மாப்பிள்ளையை மாலையும் பேண்டு வாத்தியமுமாகச் சமையல்கட்டு வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். ரசம் கொதிக்கிற அண்டாவைச் சுற்றி வந்து மேடையேறிய மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆடி மாதம் அம்மன் கோவிலுக்கு அவர் போகவே மாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்வார்களே! எதிர்ச் சாரியில் ரப்பர் செருப்போடு நின்றபடியே கும்பிட்டுவிட்டு, கூழை மட்டும் யாரையாவது விட்டு வாங்கிவரச் சொல்வார்.

இப்படி ஒரு ஆள் எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்றால், நான் பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தேன். ரிட்டயர் ஆன எல்லோருக்கும் வருகிற வியாதிதான். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

நிலத்துக்கு மீட்டர் பெட்டி கேட்டுக்குப் பக்கத்தில், தென்மேற்கு மூலையில். போர் போட்டதோ எதிர்க் கோடியில், ஈசானிய மூலையில். அங்கேதான் மோட்டார் அறை. நடுவில் மண்ணுக்கடியில் வயர் கொண்டுபோக வேண்டும். அண்ணாத்தேயைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற சாதா வயர்ச் சுருளையும் மெல்லிசான வெள்ளைக் குழாயையும் எடுத்துப் போட்டார். அண்ணாத்தே குழாயைத் தரையில் வைத்து ஒரு மிதி மிதித்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“இது செவுத்துக்கு நைனா. மண்ணு இன்னா செவுரா? மேல மாடு போவும், டிராக்டர் போவும். எலி கடிக்கும், மம்மட்டி வெட்டும், தண்ணி பூரும். ஆர்மர் கேபிள் எடு.”

ஆர்மர் கேபிள் என்பது உள்ளே வயர், அதைச் சுற்றி இரும்புக் கம்பிச் சட்டை, அதற்கும் மேலே கறுப்புத் தோல். மண்ணில் அப்படியே புதைக்கலாம். தரைக்கு மேலே ஏறுகிற இரண்டு முனையிலும், வண்டி போகிற பாதைக்கு அடியிலும் மட்டும் அதைக் கெட்டிக் குழாய்க்குள் விட வேண்டும். முழு நீளமும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். குழி இடுப்பளவு ஆழம். அடியில் மணல், நடுவில் கேபிள், மறுபடி மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல். இது போதாதென்று, மின்கசிவு வந்தால் தானே கட் ஆகிற ஒரு பெட்டி வேறு.

“அண்ணாத்தே, இது வயர் போடுவதா, அடக்கம் பண்ணுவதா?” என்றேன்.

“அடக்கந்தான் சார். ஆனா அவரு உள்ள உசுரோட கீறாரு. அதான் பயமே.”

அத்தனை நீளத்துக்கு ஒரே துண்டு கேபிளும் அந்தப் பெட்டியும் வர பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். வருகிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு, மகள் பிரசவத்துக்காக அண்ணாத்தே திருத்தணி போய்விட்டார்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. வருகிற வெள்ளிக்கிழமை விட்டால் தண்ணீர் இறைக்க இரண்டு மாதத்துக்கு நல்ல நாளே இல்லை என்று என் மைத்துனன் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றான். நான் ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். டேப்பைப் பிடித்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். சாதா வயர்ச் சுருள் ஒன்றின் நீளத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. வாங்கிவந்தாயிற்று, வெள்ளைக் குழாயோடு. களிமண் காய்ந்து பாறையாகக் கிடந்ததால் கடப்பாரை ஒரு அடிக்கு மேல் இறங்க மறுத்தது. சரி, ஒரு அடி போதும் என்றேன்.

அப்போது பார்த்து வாஸ்துக்காரர் வந்தார். மைத்துனன்தான் கூட்டிவந்தான். நிலத்தின் நட்டநடு பிரம்மஸ்தானம், அங்கே மண்வெட்டி படவே கூடாது என்றார். பாதிக் குழியை மூடிவிட்டு, நடுவைச் சுற்றி வளைத்து வெட்டினோம். வளைத்ததில் தூரம் கூடும் என்பது முப்பது வருஷ இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்குத் தோன்றவில்லை. வயர் பாதி வழி தாண்டி, வெண்டைப் பாத்தி ஓரத்தில், மோட்டார் அறைக்கு நாலு ஆள் நீளம் முன்னாலேயே தீர்ந்துபோனது.

கொத்தனார் தன் பையிலிருந்து துண்டு வயர்களை எடுத்து முறுக்கினார். கறுப்பு டேப்பைச் சுற்றினார். அதற்கு மேல் ஒரு பால் கவரைச் சுற்றிக் கட்டினார். “மண்ணுக்குள்ள யாரு சார் பாக்கப் போறா?” என்றார். மூடினோம். வெள்ளிக்கிழமை தண்ணீர் பீறிட்டு வந்தது. எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அண்ணாத்தே வந்தார். கேட்டில் டெஸ்டரை வைத்தார், உள்ளே வந்தார், புது மண்ணைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“சார், சாதா வயரா?”

“ஆமாம்.”

“உள்ள எங்கனா ஜாயிண்ட் கீதா?”

“இல்லை” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வெட்கம்தான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் வேலியை ஒட்டியே ஓரமாக நடந்து மோட்டார் அறைக்குப் போய், அதே ஓரமாகத் திரும்பி வந்தார். அந்த மண்ணை அவர் மிதிக்கவில்லை. “கேபிள் வந்ததும் மாத்திடலாம் சார். மழைக்கு முன்ன” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து பயம் எனக்குத் தொற்றிக்கொண்டது. வெண்டைப் பாத்திப் பக்கம் போனாலே உள்ளங்கால் கூசும். கஸ்தூரியிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். கேபிள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டு வானம் வெறித்திருந்தது. இருவரும் நிலத்துக்குப் போனோம். நான் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் கஸ்தூரி உள்ளே போயிருந்தாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வெண்டைப் பாத்தியைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர் நின்றது. அதில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. உற்றுப் பார்த்தேன். தவளைகள். மூன்று. எல்லாம் மல்லாந்து கிடந்தன.

“என்னங்க, கால்ல என்னமோ எறும்பு ஏறுற மாதிரி சுருசுருன்னு இருக்கு” என்றாள் கஸ்தூரி.

மோட்டார் சுவிட்ச் அந்தக் கோடியில். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மீட்டரிலிருந்து அதுவரைக்கும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை அணைக்க வேண்டும். மீட்டர் பெட்டிக்கு ஓடினேன். இரும்புப் பெட்டி. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே குட்டை. கை நீண்டது, திரும்பி வந்துவிட்டது. என் மனைவி அங்கே நிற்கிறாள், என் கை திரும்பி வந்துவிட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அப்போது வெளியே மொபெட் சத்தம் கேட்டது. மழை விட்டால் போதும், தான் வேலை பார்த்த வீடு, பார்க்காத வீடு எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுப் போய் டெஸ்டர் வைத்துவிட்டு வருவது அண்ணாத்தேயின் வழக்கம். முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸும் கையில் ஒரு காய்ந்த சவுக்குக் கட்டையுமாக இறங்கினார். தவளையைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார்.

“அம்மா! அப்டியே நில்லுங்க! ரெண்டு காலையும் ஒண்ணா சேத்து வெச்சிக்குங்க! எட்டு வெக்காதீங்க! காலு அகண்டா அவரு ஒரு கால்ல ஏறி மறு கால்ல எறங்குவாரு!”

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஜாயிண்ட் எங்க கீது சார்?”

இருக்கிறதா என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். நான் வெண்டைப் பாத்தியைக் காட்டினேன்.

வீட்டுக் கேட்டைத் தொடவே பத்துத் தடவை யோசிக்கிற மனிதர், மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்ற குட்டைக்குள் இறங்கினார். வாய் எதையோ முணுமுணுத்தது. அம்மனையா, ‘அவரை’யா தெரியவில்லை. கட்டை நுனியால் பெட்டிக் கதவை நெம்பித் திறந்து, மெயின் பிடியை ஒரே தட்டாகக் கீழே தட்டினார். டெஸ்டரை வைத்தார். இன்னொரு தரம் வைத்தார். மூன்றாம் தரமும் வைத்தார்.

“இப்ப வாங்கம்மா.”

கஸ்தூரி நடந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் கன்னத்தில் ஒரு அறை வைத்தாளா என்று கேட்பீர்கள். அது வீட்டுக்குப் போன பிறகு, வாயாலேயே வைத்தாள். அண்ணாத்தேயோ அந்த ஈரத் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். ரொம்ப நேரம் அழுதார்.

“மன்னிச்சுடுங்க அண்ணாத்தே, பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“எங்கிட்ட சொல்லிக்க சார், பரவால்ல. அவருகிட்ட சொல்லாத.”

கேபிள் வந்தது. இடுப்பளவு குழி என்றால் யார் இடுப்பு என்று தகராறு வரக் கூடாதென்று என்னையே குழிக்குள் இறக்கி நிற்கவைத்து அளந்தார். மணல், கேபிள், மணல், செங்கல். தானே கட் ஆகிற பெட்டியும் மாட்டினார். பிரம்மஸ்தானத்தை இந்தத் தடவையும் சுற்றித்தான் போனோம். அதற்கும் அவருக்குப் பயம். அன்றைக்குக் கஸ்தூரி கொடுத்த காபி டம்ளரில் டெஸ்டரை வைத்தபோது அவள் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள் என்றாள்.

இப்போது அவர் மகளோடு திருத்தணியிலேயே தங்கிவிட்டார். ஆனாலும் இங்கே மழை விட்டால் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடுகிறது, போன் வந்துவிடும்.

“சார், அவரு சும்மா கீறாரா? அம்மா காலுல செருப்பு கீதா? நீ நல்லா கீறியா?”

மூன்றாவதாகத்தான் என்னை விசாரிக்கிறார். அந்த மூன்றாவது கேள்விக்காகவே, மழைக்காலம் முடிந்தால் எனக்கு என்னவோ போல ஆகிவிடுகிறது.