மூன்றாம் மாடி மட்டும் சிவப்பு

மூன்றாம் மாடி மறுபடியும் சிவந்துவிட்டது.

ஆற்றல் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். துடைத்த பிறகும் சிவப்புதான். சுவரளவு திரையில் பன்னிரண்டு கட்டங்கள். அலுவலகத்தின் பன்னிரண்டு அறைகள். பதினொன்று பச்சை. மூன்றாம் மாடிக் கூட்ட அறை மட்டும் முப்பது டிகிரி.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்கோடிக் கொதிகலன் நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெந்நீர்தான் அந்தத் தெருவையே சூடாக்கியது. எந்த அறைக்கு எவ்வளவு வெந்நீர் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்மானிப்பவர் அதிகாரி. அறைக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பாவைச் சுவரில் ஒட்டி, அது வெப்பத்தை அளந்து கம்பியில்லாமல் திரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவரும் அவரே. எழுந்து போய்ப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இந்த டாஷ்போர்டுத் திரையின் பெருமை என்று எழுந்து நின்று பேசியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வருகிறார். பன்னிரண்டும் பச்சை என்றால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி அடித்தளத்தில் பொருள் கிடங்கு, எலிகளுக்கு அதிகாரி.

அட்டெண்டர் தேநீரை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம் கேக்கணும்னு..."

"அப்புறம் அண்ணே. கட்டடம் பத்திக்கிட்டு எரியுது."

"எங்க சார்?"

"திரையில."

கூட்ட அறையின் வால்வைப் பாதியாக மூடினார். மதியத்துக்குள் முப்பத்திரண்டு. முழுதாக மூடினார். மறுநாள் காலை முப்பத்து மூன்று. வெந்நீரே போகாத அறை எப்படிச் சூடாகும் என்று யோசித்ததில் தலைதான் சூடானது. பக்கத்து அறைகளின் சூடும் கீழ் மாடிகளின் சூடும் அங்கே சேர்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, மூன்றாம் மாடியின் மற்ற அறைகளையும் இரண்டாம் மாடியையும் மூடினார். பிறகு முதல் மாடியை. பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நீலமாயின. சிவப்பு முப்பத்து நான்கானது.

பகல் ஒரு மணிக்கு அது நாற்பதைத் தொட்டது. அதிகாரிக்கு வேர்த்தது, அந்தக் கட்டடத்தில் அன்று வேர்த்த ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, மேல போய்ப் பாருங்க. என்னதான் நடக்குது?"

அட்டெண்டர் போய்விட்டு வந்தார். "ஐஸா இருக்கு சார். நானே கீழ வெந்நீர்க் குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் சாப்பிட்டேன். சார், அந்தச் சின்ன விஷயம்..."

"உங்க உடம்பை நம்பாதீங்க அண்ணே. மனுஷன் பொய் சொல்லுவான், டேட்டா சொல்லாது. அப்புறம் பேசலாம்."

மூன்றாம் மாடித் தட்டச்சு அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"தம்பி, கையுறை போட்டுக்கிட்டு அடிச்சா ஒரு எழுத்துக்கு நாலு எழுத்து விழுது. கொஞ்சம் சூடு விடக் கூடாதா?"

"உங்க பக்கத்து அறையே முப்பத்தஞ்சு டிகிரி அக்கா. பொறுங்க, சுவர் வழியா உங்களுக்கும் வந்துடும்."

"அந்த ரூம்லதான் போய் உக்காந்து பார்த்தேன். வாயைத் திறந்தா ஆவி பறக்குது. எந்த ஊர் முப்பத்தஞ்சு அது?"

"உங்களுக்குக் குளிர்ற மாதிரி தோணுது."

"எனக்கு மட்டுமில்ல, என் தண்ணி பாட்டிலுக்கும் தோணுது. உறைஞ்சு போச்சு."

அக்கா போனபின் அதிகாரி கூட்ட அறையின் வெப்ப வரைபடத்தை ஆராய்ந்தார். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறுக்குச் சமிக்ஞை டக்கென்று நின்றுவிடுகிறது. இரவெல்லாம் சத்தமே இல்லை. 'அறை அலுவலக நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது' என்று அறிக்கையில் எழுதினார். எழுதிவிட்டு, ஊழியர்களைவிட ஒழுங்கு என்று சேர்த்தார். அது ஏன் என்றுதான் அவருக்கும் புரியவில்லை.

வியாழனன்று கடைசி ஆயுதத்தை எடுத்தார். கட்டடம் முழுவதற்கும் வெந்நீரை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சுற்றறிக்கை விட்டார். அதைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறியவர் அட்டெண்டர். மொத்த அலுவலகமும் பீரோவையே மேலே போட்டுக்கொண்டதுபோல் நடமாடியது. அட்டெண்டர் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, கழுத்தில் மப்ளர் என்று வந்து தும்மினார்.

"சார், அந்த..."

"அண்ணே, நாளைக்கு என் பொழைப்பு போகப் போகுது. உங்க விஷயம் அதைவிடப் பெரிசா?"

"இல்ல சார், ரொம்பச் சின்னது. தீப்பெட்டி அளவுதான்."

அதிகாரி காதில் வாங்கவில்லை. அவர் கண்ணெதிரே சிவப்புக் கட்டம் முப்பத்தெட்டரைக்கு ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் ஓவர்கோட்டோடு வந்து, ஓவர்கோட்டோடு உட்கார்ந்து, பல் தந்தியடிக்கத் திரையைப் பார்த்தார். பதினொரு நீலம். ஒரு சிவப்பு.

"என்னய்யா இது?"

"கட்டடத்துக்கு ஏதோ ஆயிடுச்சு சார். மூட மூட அந்த ஒரு அறை மட்டும் சூடாகுது."

"அப்ப அங்கேயே போய் உக்காருவோம். மனுஷன் இருக்கற மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்."

அதிகாரி மூன்று மாதத்தில் முதல்முறையாக மாடிப்படி ஏறினார். பின்னால் அட்டெண்டர் தேநீர்த் தட்டோடு தும்மிக்கொண்டே ஏறினார். கூட்ட அறைக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்றில் இயக்குநரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது.

"இதுவா உங்க முப்பத்தெட்டரை?"

அதிகாரி சுவரில் தேடினார். டப்பா இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துண்டு ஒட்டுத்தாள் மட்டும் தொங்கியது. கைப்பேசியில் டாஷ்போர்டைத் திறந்தார். முப்பத்தெட்டு புள்ளி ஏழு. இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

"எங்க போச்சு?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அட்டெண்டர் தட்டை மேசையில் வைத்தார். மப்ளரைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். முதல் ஸ்வெட்டரைத் தூக்கினார், இரண்டாவதைத் தூக்கினார், சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"திங்கக்கிழமை பெருக்கறப்போ கீழ விழுந்து கெடந்துச்சு சார், தொலைஞ்சிடக் கூடாதேன்னு நெஞ்சோடயே வெச்சிருக்கேன், நேத்திலேர்ந்து எனக்குக் காய்ச்சல், பாவம் இதுவும் சுடுது பாருங்க."