பெட்டிக்குள் ஊட்டி

ஆயுத பூஜை வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன். என் மனைவி அம்சவல்லி காலில் விழுந்தாலும் போட மாட்டேன். அவள் காலில் விழுகிற ரகம் இல்லை, காலை வாருகிற ரகம் என்பது வேறு விஷயம்.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. வருஷம் முழுக்க லீவே போடாதவர்களை ஆயுத பூஜையன்று மேடையேற்றி, மைக்கில் பேரைச் சொல்லி, குக்கர் கொடுப்பார்கள். குக்கர் கிடக்கட்டும். "கோதண்டராமன்!" என்று மைக்கில் என் பேர் அதிர வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேர் யார் வாயிலும் வருவதில்லை. "இன்னாய்யா"தான்.

மகள் தென்றலுக்குக் காலாண்டு லீவு விட்டதும், "ஊட்டிக்குப் போலாம்யா" என்று அம்சவல்லி ஆரம்பித்தாள். நான் அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு வி.ஆர். பெட்டி வாங்கி வந்தேன். செல்போனை உள்ளே செருகி, பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் போதும். போனில் ஓடும் ஊட்டி நம்மைச் சுற்றி நிற்கும்.

"ஊட்டியே வூட்டுக்கு வந்துடுச்சு. லீவும் வாணாம், வேனும் வாணாம்!"

அம்சவல்லி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டவங்க மாட்டலாமா?"

"தாராளமா."

"தல சுத்துமா?"

"மலைப் பாதைல சுத்தறத விட கம்மிதான்."

"குளுருமா?"

"ஃபேனைப் போட்டுக்கோ."

"ரெண்டு பேர் சேந்து பாக்கலாமா?"

"அது முடியாது. ஒருத்தர்தான்."

"போனு இல்லாம ஓடுமா?"

"எப்டி ஓடும்? போனுதான் அதுக்கு உசுரு."

"உசுரு போய்ட்டா?"

"வெறும் டப்பா."

வாங்கும்போது கடைக்காரனை நான்கூட இவ்வளவு கேட்கவில்லை. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மடங்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"மொதல்ல நீ மாட்டிக் காட்டுய்யா."

மாட்டினேன். ஆகா, தேயிலைத் தோட்டம்! மேகம்! திடீரென்று மேகத்தின் மேல் மலையளவு எழுத்தில் 'தசரதன் மச்சான்' என்று வந்தது. அம்சவல்லியின் அண்ணன் போன் பண்ணுகிறான். நான் தடவுவதற்குள் ஒரு கை போனை உருவியது. ஊட்டி இருண்டது.

"அண்ணே, வேன் வந்துடுச்சா? தோ, கெளம்பிட்டோம்!"

பெட்டியைக் கழற்றினேன். வாசலில் தென்றல் பையோடு நின்றாள்.

"இன்னாடி இது?"

"ஒருத்தர்தான் பாக்க முடியும்னியே. நீ இங்க பாரு. நாங்க அங்க போய்ப் பாத்துக்கறோம்."

"என் போனு?"

"போட்டோ புடிக்க வாணாமா? என் போன்ல கேமரா ஏது? பொட்டி இருட்டா கீதுன்னா, ஊட்டில கரண்ட் கட்டுன்னு நெனச்சுக்கோ."

போங்கடி போங்க! இதற்கெல்லாம் மசிகிற ஆளா நான்? லீவு போடவில்லையே, அதுதான் வெற்றி. நாளைக்கு முதல் ஷிப்ட். நானே ரசம் வைத்து, நானே மெச்சிக்கொண்டு, ராஜா மாதிரி காலை நீட்டிப் படுத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

வெயில் மூஞ்சியில் சுட்டபோது யாரோ கதவை இடித்தார்கள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா. கம்பெனி பஸ் எப்போதோ போயிருந்தது. மேடை, மைக், என் பேர் எல்லாம் அந்த பஸ்ஸோடு போயாச்சு.

"உம் பொண்டாட்டி" என்று தன் போனை நீட்டினாள் கோவிந்தம்மா.

"யோவ், விடியறதுக்கு முன்னாலருந்து உன் போன்ல அலாரம் விட்டு விட்டு அடிக்குது. வேன்ல ஒருத்தரும் தூங்கல. இத எப்டிய்யா நிறுத்தறது?"