வேட்டி போட்ட கோல்

"ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிடப் போறேன்" என்றார் என் கணவர், பசியாறும் வேளையில், கையில் பிய்த்த இட்லியோடு.

எந்தப் பெண், எந்த வீடு என்று ஒரு மனைவி பதற வேண்டிய பேச்சு. நான் பதறவில்லை. என் கணவர் குணாளன் இப்படிப் பல்லைக் கடித்துப் பேசுவது ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான். எங்கள் மலைக்கல்லூரியின் காற்பந்துக் குழுவுக்குக் கோச்சாக வந்திருக்கும் யுவனேஸ்வரி.

"மொதல்ல இட்லிய உள்ள அனுப்புங்க" என்றேன்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அதை விடப் பெரிய பதவி, கல்லூரிக் குழுவின் ரசிகர் மன்றத் தலைவர். செயலாளர் சிவனேஸ்வரன், ஓய்வு பெற்ற ஆசிரியர். பொருளாளர் மாடசாமி, தோட்டத்து வாசலில் தேநீர் ஆற்றும் ஒட்டுக்கடை வைத்திருப்பவர். ஆட்டங்களுக்கு பஸ் ஏற்பாடு செய்வது இந்த மன்றம்தான். அதனால் கோச் வேண்டாம் என்று மன்றம் சொன்னால் கல்லூரி கேட்டுக்கொள்ளும். பஸ் இல்லாமல் எந்தக் கல்லூரியும் மலையிறங்க முடியாது.

மழை இல்லாத மாலைகளில் விவாதம் மாடசாமி கடையில் நடக்கும். மழை பெய்தால் என் வரவேற்பறையில். இது மலேசியாவின் கேமரன் மலை, மழைக்குப் பஞ்சமில்லை. எனவே பெரும்பாலும் என் வரவேற்பறையில்.

"மொத பாதி பூரா பந்தப் பின்னாலயே தட்டிக்கிட்டிருந்தா கோல் எப்படி விழும்? கோல் கம்பம் முன்னால இருக்கு. யாராச்சும் அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்களேன்" என்பார் என் கணவர்.

"ஒத்த ஸ்ட்ரைக்கர் லா. அவனும் தனியா நிக்கிறான், கடைசி பஸ்ஸ விட்டவன் மாதிரி" என்பார் சிவனேஸ்வரன்.

"நான் கோச்சா இருந்தா எட்டுப் பேர முன்னால விடுவேன்" என்பார் மாடசாமி.

"பின்னால யாரு காப்பாத்துறது?"

"பின்னால எதுக்கு ஆளு? பந்துதான் முன்னால இருக்கே."

தாக்குதல் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசும் மூன்று பேர். குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறை வரை ஒருநாளும் முன்னேறியதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். என் கணவருக்குப் பந்து தெரியும். ஆட்டக்காரன் குதிகாலைத் திருப்பும் விதத்தை வைத்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார். நானே வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியாதது துணி காயப் போடுவது ஒன்றுதான். விஷயமெல்லாம் அதில்தான் இருந்தது.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில். முன்பக்கம் இறங்கினால் கல்லூரித் திடல், சுற்றிலும் தேயிலைச் சரிவு, நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி. பின்பக்கம் பள்ளத்தாக்கு, ரிங்லெட் ஏரி வரைக்கும். பிற்பகலில் பனி அந்த ஏரிப் பக்கத்திலிருந்துதான் ஏறும். என் சமையலறைக்குப் பின்னால் வந்து, மேட்டைத் தாண்டி, திடலுக்குள் குதிக்கும். திடலில் நிற்பவனுக்கு மூக்கில் இடிக்கும் வரை தெரியாது. வீட்டுக்குப் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் தெரியும் துணிக்கொடியண்டை நிற்கிற எனக்கு, அது கீழ்ச் சரிவில் கிளம்பும்போதே தெரியும். உடனே துணிகளை உருவிவிடுவேன். என் கணவர் இத்தனை வருடமும் துணி தானாகக் காய்ந்து, தானாக மடிந்து, தானாக அலமாரிக்குள் நடந்து போவதாகவே நினைத்திருந்தார்.

யுவனேஸ்வரி வந்த முதல் மாதமே என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒங்க கொடியில துணி காணாமப் போச்சுன்னா கொஞ்ச நேரத்துல திடல்ல பனி எறங்குது. ஒங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியுது?"

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். கான்வெண்டில் எங்களுக்கு நெட்பால் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், "கண்ணை வைத்து ஆடு, கை தானாக வரும்" என்று விசிலால் மண்டையில் தட்டுவார். இந்தப் பெண்ணுக்கு யாரும் தட்டத் தேவையில்லை. உள்ளே கூப்பிட்டு, தங்க விளிம்பு போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்தேன். என் கணவர் கண்ணாடி அலமாரியில் மட்டுமே பார்த்திருக்கும் கோப்பை அது.

அவள் தன் தாக்குதல் ஆட்டத்தை என் மேசைமேல் விளக்கினாள். மிளகாய்தான் ஆட்டக்காரர்கள். ஒரு வெங்காயம் கோல் கீப்பர்.

"கீழேர்ந்து வர்ற டீமுக்கு நம்ம மேட்டுல மூச்சு வாங்கும்கா. மொத பாதியில நாங்க பின்னால தட்டுறோம், அவங்க தொரத்துறாங்க. தொரத்தட்டும். பனி வரப் போகுதுன்னு தெரிஞ்சா ஓரத்துல நிக்கிற பையங்க எல்லாம் நெருங்கி உள்ள வந்துருவாங்க. பந்து தரையோட. ஒருத்தன் பேர ஒருத்தன் கூப்புட்டுக்கிட்டே போவான். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. நம்ம பையங்களுக்குக் காது இருக்கு."

இதற்காகப் பயிற்சியில் பையன்களின் கண்ணைத் துணியால் கட்டி ஆடவிடுகிறாளாம். எனக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. அடுப்பில் பருப்பு இருந்ததால் தட்டவில்லை.

அன்றிலிருந்து சொந்தத் திடலில் ஆட்டம் இருந்தால், என் கொடியில் ஒரு சிவப்புப் படுக்கை விரிப்பு தொங்கும். அழுக்கோ இல்லையோ, துவைப்பேன். அது மறைந்தால் பனி வருகிறது என்று அர்த்தம். வரிசையாக ஜெயித்தார்கள். "அதிர்ஷ்டம்" என்றார்கள் மன்றத்தார்.

பிறகு என் கணவர் ஒரு கையொலிபெருக்கி வாங்கினார்.

பனி இறங்கியதும் அவருக்கு ஆட்டம் தெரியாது. தெரியாவிட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் அந்தக் குழாயை வாயில் வைத்து, "அட்டாக் பண்ணுங்க லா, அட்டாக்" என்று விடாமல் கத்துவார். பின்னால் மன்றமே கத்தும். பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது யாருக்குக் கேட்கும்? இரண்டு ஆட்டம் தோற்றார்கள். தோற்கடித்தவரே தலைமை தாங்கி, சனிக்கிழமையும் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கோச்சை நீக்கச் சொல்லித் தீர்மானம் என்று முடிவெடுத்துவிட்டார்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் மாடசாமி கடையில் தேநீர் ஆறுவதற்குள் ஊருக்கே தெரியும். சாயங்காலம் எதிரணிக்கும் தெரியும். அதுவும் போக, பந்தைப் பற்றிச் சமையலறையிலிருந்து வரும் எந்தச் சேதியையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, டிவில பெரிய டீம் ஆடுறப்போ ஒரு ஆளு மேல, கூரைக்குப் பக்கத்துல ஒக்காந்து கீழ பாத்துக்கிட்டே இருக்கானே, அவன் யாரு? டிக்கெட் கெடைக்காதவனா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவன்தாம்மா மூளையே. மேலேர்ந்து பாத்தாத்தான் ஆட்டத்தோட அமைப்பு தெரியும்."

"ஓ. அப்போ ஓரத்துல நின்னு பாக்குறவங்களுக்கு?"

"காலுதான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய், கொடியையும் திடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அறிவித்தார். "குமுதா, இன்னிக்கு நான் மேலேர்ந்து பாக்கப் போறேன். நம்ம கொடிக்குப் பக்கத்துல நாற்காலி போடு. அந்தப் பொண்ணு செய்யிற தப்பு ஒவ்வொண்ணையும் மன்றத்துக்குக் குரல்பதிவா அனுப்பணும். நாளைக்குக் கூட்டத்துக்கு ஆதாரம்."

"அது துணி காயுற எடங்க" என்றேன், ஒப்புக்கு.

"துணி பாட்டுக்குக் காயட்டும்."

அன்று கொடியில் சிவப்பு விரிப்பு இல்லை. அவருடைய வெள்ளை வேட்டிதான் நீளமாகத் தொங்கியது. கோச்சை அனுப்பும் கூட்டத்துக்கு அதைத்தான் கட்டுவேன் என்று அவரே துவைக்கச் சொன்னது.

"பனி வந்தா வேட்டிய எடுத்துருங்க. நனைஞ்சா நாளைக்குக் கைலியோடதான் தலைமை தாங்கணும்" என்று சொல்லிவிட்டுத் திடலுக்கு இறங்கினேன். ஒலிபெருக்கியின் பேட்டரிகள் என் கைப்பையில் இருந்தன. அதை மட்டும் எடுத்து அவரைத் திடலிலேயே விட்டிருக்கலாம். ஆனால் அவர் தொண்டைக்கு பேட்டரி கிடையாது.

யுவனேஸ்வரியைத் தாண்டிப் போகும்போது, "இன்னிக்குச் செவப்பு இல்ல. வெள்ளை" என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

என் கணவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், சிவனேஸ்வரனுக்கும் மாடசாமிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எதிரணி கடலோரத்திலிருந்து வந்திருந்தது. ஒவ்வொருவனும் அலமாரி மாதிரி இருந்தான். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் பையன்கள் பந்தைப் பின்னால் தட்டித் தட்டி அலமாரிகளை ஓடவிட்டார்கள். சிவனேஸ்வரனின் போனில் என் கணவர் மேலிருந்து ஒலித்துக்கொண்டே இருந்தார். "பாத்தியா, மறுபடியும் பின்னால. சேமிச்சு வை. நாளைக்கு வேணும்."

இரண்டாம் பாதி. அலமாரிகளின் வாய் திறந்து மூச்சு வாங்கியது. யுவனேஸ்வரி மேட்டைப் பார்த்தாள். வேட்டி தொங்கியது. மறுபடி பார்த்தாள். வேட்டி அசைய ஆரம்பித்திருந்தது. அந்தக் காற்று எனக்குத் தெரியும். பனிக்கு முன்னால் வருகிற காற்று. என் வீட்டுக் கூரைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. என் கணவரோ தொலைநோக்கியைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு, எங்கள் தடுப்பாட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். முதுகில் பனி ஏறுவது தெரியாமல்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. நான் அழைத்தால் வீட்டு விஷயம், சிவனேஸ்வரன் அழைத்தால் நாட்டு விஷயம். சிவனேஸ்வரன் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன்.

"என்னம்மா இது" என்றார் அவர்.

"ஆதாரம் அனுப்புறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் மன்றத்துப் வாட்ஸ்அப் குழுவில் பேசினேன். "கிராணி ஐயாவோட வேட்டி நனையுது. நாளைக்குக் கூட்டத்துக்கு அவரு கைலியோடதான் வரப் போறாரு."

மேட்டின்மேல் ஓர் உருவம் துள்ளி எழுந்தது. நாற்காலி உருண்டது. வேட்டி கொடியிலிருந்து அவர் கைக்குப் பறந்து வந்தது.

யுவனேஸ்வரி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். ஓரத்தில் நின்ற பையன்கள் மந்தை மாதிரி உள்ளே நெருங்கினார்கள். அப்புறம் பனி குதித்தது.

எதுவும் தெரியவில்லை. ஆனால் கேட்டது. பனிக்குள்ளிருந்து எங்கள் பையன்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவசரமில்லாமல், வகுப்பில் ஆஜர் எடுப்பதைப் போல. கத்த ஆளில்லை. தலைவர் மேட்டில் இருந்தார். தலைவர் கத்தாவிட்டால் தொண்டருக்கு என்ன கத்துவதென்று தெரியாது. பெயர்கள் எதிரணி கோல் பக்கமாக நகர்ந்து நகர்ந்து போயின. ஒரு சத்தம். வலை. கொஞ்ச நேரத்தில் அதே பெயர்கள், அதே பாதை, அதே வலை. எதிரணி கோல் கீப்பர் யாரிடமோ, "பந்து எங்க இருக்கு?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது. நான் பல வருடங்களுக்குப் பிறகு விசிலடித்தேன். சிஸ்டர் மன்னிக்கட்டும்.

சிவனேஸ்வரன் போனில் ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. "யாரு போட்டா? யாராச்சும் சொல்லுங்களேன் லா. இங்க ஒண்ணும் தெரியல."

ஆட்டம் முடிந்ததும் அவர் தோளில் வேட்டியோடு இறங்கி வந்தார். யுவனேஸ்வரி நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "தலைவர் ஐயா, ரொம்ப நன்றி. சரியான நேரத்துல வேட்டிய எடுத்தீங்க. அந்த சிக்னல் இல்லாட்டி இன்னிக்கு நாங்க இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்தேன். என்ன சிக்னல் என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் சுற்றி ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"மேலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். "நேரம் பாத்துத்தான் எடுக்கணும்."

அன்று ராத்திரி யுவனேஸ்வரி மிளகாயையும் வெங்காயத்தையும் வைத்து அவருக்கும் விளக்கிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அதே வேட்டியில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். "தாக்குதல்னா முன்னால ஓடுறது மட்டும் இல்ல" என்று தொடங்கி, பின்னால் தட்டுவதன் மகிமையை ஊருக்கு விளக்கினார். கோச் தொடர வேண்டும், பனி இறங்கினால் யாரும் மூச்சு விடக் கூடாது என்று இரண்டு தீர்மானம். மாடசாமி எவ்வளவு துருவியும் சிக்னல் ரகசியத்தைச் சொல்லவில்லை. தன் ரகசியம் என்றால் அவரும் காப்பாற்றுவார்.

அதோடு கொடி அவர் இலாகாவுக்குப் போய்விட்டது. எனக்கு வெள்ளை சரியாக வருவதில்லையாம், துவைப்பதும் அவரேதான்.

நேற்றைய ஆட்டம் குவாந்தானில். கடற்கரை ஊர், பனிக்கு வேலையில்லை. மன்றத்து பஸ்ஸில் அவர் ஏறவில்லை. "நான் வேட்டிய எடுத்ததுலேர்ந்து நாம தோக்கல. ராசிய விட முடியுமா? நீ போய்ட்டு வா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப்பக்கம் போய்விட்டார். மூளை, ஆதாரம், அமைப்பு என்று பேசிய மனிதர்.

தலைவர் இருக்கையில் நான் கால் நீட்டி உட்கார்ந்து, மாடசாமி ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது போன் மணியடித்தது. "குமுதா, வேட்டிய எடுத்துட்டேன். கோல் விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க" என்றேன். "அப்படியே தலையணை உறையையும் எடுத்துருங்க, இன்னொண்ணு வேணும்."