பதினேழாம் எலியின் பஸ் பயணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் எலி பிடித்தவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். பிடித்த எலியைத் திரும்பக் கொண்டுவந்து அதே வீட்டில் விட்டவர் ஒருவர்தான். மோதி பாக் குவார்ட்டர்ஸில் அவருக்கு எலி சார் என்று பெயர்.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். திருநெல்வேலிக்காரர். கொரியாவில் கண்டுபிடித்த ஒரு வைரஸ் நம் ஊர் எலிகளிடமும் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார். எலியின் சிறுநீர் காய்ந்து தூசியோடு பறக்கும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வந்து சிறுநீரகம் கெடும். அதனால் தெருவில் யாராவது காய்ந்த தரையைப் பெருக்கினால், "பஹ்லே பானி, பையா!" என்று ஓடுவார். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

ஊரில் பல இடங்களில் பொறி வைத்து, அதில் பக்கோடா வைப்பார். விழுந்த எலியிடம் சொட்டு ரத்தம் எடுத்து, காதில் நம்பருக்கு ஏற்ப ஒரு வெட்டு வெட்டி, அது எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கப் பிடித்த இடத்திலேயே விடுவார்.

"ஏன் சார், மறுபடியும் எங்க அடுப்படியிலயே விடறீங்களே, நியாயமா?" என்றார் கீழ்வீட்டு செக்ஷன் ஆபீசர் மனைவி.

"யம்மா, அது அவன் வீடு. வேற எங்க போவான்?"

அவருடைய குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் நான் சட்டவிரோதமாகக் குடியிருந்தேன். பத்திரிகைக்காரன் என்பதால் யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் பதினேழாம் எலி என் ஒரே ஸ்வெட்டரைத் தின்றது. பிள்ளையார் வாகனத்தைக் கொல்ல மனம் வரவில்லை. கூண்டில் பிடித்து, துண்டால் மூடி, பஸ் ஏறினேன்.

"அந்தர் க்யா ஹை?" என்று கூண்டைக் காட்டி, உள்ளே என்ன என்றார் கண்டக்டர்.

"தோத்தா" என்றேன். கிளி.

உள்ளே கீச்சென்று சத்தம். "பீமார் லக்தா ஹை" என்று அனுதாபப்பட்டார். கிளிக்கு உடம்பு சரியில்லையாம். நோயாளியை லோதி ரோட்டில் இறக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் எலி சார் துள்ளிக்கொண்டு வந்தார்.

"பதினேழு வே! லோதி ரோட்டுப் பொறியில! ரிங் ரோட்டத் தாண்டி நடந்தே போயிருக்கான்! ரத்தத்துலயும் அடையாளம் இருக்கு. வைரஸ் ஊரைச் சுத்துத வழி கெடச்சிட்டு!"

திங்கட்கிழமை பெரிய விஞ்ஞானிகள் முன்னால் அவர் பேச வேண்டும். இருபது வருடம் டெஸ்ட் டியூப் கழுவியவருக்கு முதல் மேடை. கோட்டு தைத்தாகிவிட்டது. தப்பாகப் போட்ட செய்திக்கு மறுநாள் திருத்தம் போட எங்கள் தொழிலில் இடம் உண்டு. அவர் தொழிலில் இல்லை.

ஞாயிறு காலை காபியின்போது சொன்னேன்.

"சார், அவன் நடந்து போகலை. பஸ்ல போனான்."

"டிக்கெட் யாரு எடுத்தா?"

"நான்தான்."

டம்ளரை வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"கூண்டை எப்படிவே சுத்தம் பண்ணினீரு?"

"வெயில்ல காய வச்சு, தட்டினேன்."

"அடப்பாவி, காஞ்சதையா தட்டினீரு? கையை நீட்டும்!"

ரத்தம் எடுத்த பிறகுதான் மற்ற பேச்சு. அன்று பகல் முழுக்க வீடு வீடாக விசாரித்தார். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் இதே காரியத்தைச் செய்திருந்தார்கள். செக்ஷன் ஆபீசர் மனைவி டிபன் கேரியரில் கொண்டுபோயிருக்கிறார்.

திங்கட்கிழமை எலி சார் மேடையில் உள்ளதைச் சொன்னார். "எலி நடக்கல. நாங்கதான் பஸ்ல கூட்டிட்டுப் போறோம்." அவை சிரித்ததாம். பிறகு ஒரு பெரியவர் மட்டும் பஸ் ரூட் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். அதை அவர் எனக்கு மூன்று தடவை சொன்னார்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் கிளம்புமுன் தெர்மாமீட்டரோடு என் கட்டிலருகே நிற்பார். "மூணு வாரம் பாக்கணும்வே. அப்புறம் பயமில்ல."

காய்ச்சல் வரவில்லை. மூன்று வாரம் முடிந்தது. மார்ச்சில் ஹோலி வரைக்கும் தினமும் வந்து பார்த்தார்.