மறியலுக்குக் கட்டிய புளிசோறு

இந்தத் தடவை தைலம்மாள் இல்லாமல்தான் படம் பார்ப்பது என்று கண்ணாயிரம் முடிவெடுத்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். முடிவை மாட்டிடம் வாய்விட்டே சொன்னான். மாடு தலையாட்டியது. அந்த வீட்டில் அவன் பேச்சுக்குத் தலையாட்டுகிற ஒரே ஜீவன் அதுதான்.

வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் ராஜதீபன் நடித்த ‘பதினெட்டுப் பட்டிப் புலி’ ரிலீஸ். காலை பதினோரு மணிக்கு முதல் ஆட்டம். ராஜதீபன் திரையில் முதலில் காலைக் காட்டுவார். அப்புறம் கையை. அப்புறம் முதுகை. முகம் வருவதற்குள் கண்ணாயிரத்துக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். அந்த நேரத்தில் விசில் அடிக்க வேண்டும். நைனார்பாளையத்தில் அவனைப் போல விசில் அடிக்க ஆளில்லை. ஒருமுறை வயலில் நின்று சும்மா அடித்துப் பார்த்ததற்கு, ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது.

ஆனால் தைலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விரல் வாய்க்குப் போகாது. போன பொங்கலுக்குப் போனது, போன வேகத்தில் கீழே இறங்கிவிட்டது.

“இன்னா மாமா, கொழந்தையாட்டம் வெரல வாயில வச்சிகினு? நாலு பேரு பாக்கறாங்க.”

அதோடு விட்டாளா? படம் முழுக்கக் கேள்வி. “இவன் யாரு? செத்தவனுக்குத் தம்பியா? அப்ப அவன் ஏன் அழுவல?” பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சண்டையும் ஒரு பாட்டும் போய்விட்டன. வெளியே வந்ததும் அவளே சொன்னாள்: “அடுத்த படத்துக்கு மொத நாளே இட்டுகினு வரணும்.” கண்ணாயிரம் ஒத்துக்கொண்டான். தியேட்டரை ஒட்டிய மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து ஒத்துக்கொண்டதுதான் இப்போது தொண்டையில் நின்றது.

வழி ஒன்று இருந்தது. அது எண்பத்தெட்டாம் வருடம். அதற்கு முந்தின வருடம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அதன் பிறகும் மறியல், ஊர்வலம், மாநாடு என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. கண்ணாயிரமும் ஒரு தடவை உண்மையாகவே மறியலுக்குப் போனான். போலீசார் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, உப்புமா கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் மண்டபத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. வீடு திரும்பியபோது தைலம்மாள் ஆரத்தி எடுத்தாள். அந்த ஆரத்தி ஞாபகம்தான் இப்போது அவனுக்கு யோசனை கொடுத்தது.

“தைலா, வெள்ளிக்கெழம கள்ளக்குறிச்சில மறியலு.”

“அப்பிடியா மாமா?”

“பஸ்ஸு ஒண்ணும் ஓடாது. டீக்கட, துணிக்கட, தேட்டரு, மருந்துக்கட எல்லாம் சாத்திடுவாங்க.”

“தேட்டருமா?”

நடுவில் ஒளித்து வைத்ததை நேராக எடுத்துவிட்டாள்.

“ஆமா. தேட்டரும்தான்.”

“அப்ப படம்?”

“படம் எங்க ஓடிப் போவுது? அடுத்த வாரம் கூட்டம் கம்மியா இருக்கும். இட்டுகினு போறேன்.”

வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தான். தைலம்மாள் முறத்திலிருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வீசினாள்.

“நீயும் மறியலுக்குப் போறியா?”

“போவாம? எதுக்குப் போராடறோம்? நாளைக்கு நம்ம எழில்மதி படிச்சி வேலைக்குப் போவ வாணாமா?”

“போவணும் மாமா. எத்தினி மணிக்குப் புடிப்பாங்க?”

“பதினோரு மணிக்கு.”

“எத்தினி மணிக்கு வுடுவாங்க?”

“ரெண்டு ரெண்டேகாலுக்கு.”

“அவ்ளோ கரெக்டாவா?”

“போலீசுக்கும் வூடு வாசலு கீதுல்ல?”

“சரிதான். எத்தினி பேரு போறீங்க?”

சிநேகிதன் பாவாடையோடு சேர்த்து இரண்டு பேர் என்று சொன்னால் மறியல் போலத் தெரியாது. “நம்ம தெருவுல இருந்து ஒரு பத்து பேரு” என்றான்.

“பத்து பேரு” என்று தைலம்மாள் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பாவாடை எதிர்வீட்டுக்காரன். கண்ணாயிரம் என்ன சொன்னாலும் அதையே தன் பெண்டாட்டி பச்சையம்மாளிடம் சொல்லுகிறவன். இரண்டு பேரும் வியாழக்கிழமை மத்தியானம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, மகள் எழில்மதியின் பழைய கணக்கு நோட்டுகளைக் கிழித்தார்கள். ராஜதீபன் முகம் தெரியும்போது மேலே வாரி இறைக்க வேண்டாமா? ஒரு உரச்சாக்கு நிறையப் பொடிப்பொடியாகக் கிழித்து, வைக்கோல் போருக்குள் செருகி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் சாக்கு இல்லை.

“மாடு துன்னுட்டிருக்குமாண்ணே?” என்றான் பாவாடை.

கண்ணாயிரம் மாட்டைப் பார்த்தான். மாடு தலையாட்டியது.

சாக்கு போனால் போகட்டும், விசில் இருக்கிறது என்று மஞ்சள் சட்டை போட்டு, பவுடர் பூசி, சைக்கிளை எடுத்தான். தைலம்மாள் ஒரு பித்தளைக் குண்டானோடு வாசலுக்கு வந்தாள். அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தது.

“இன்னாது இது?”

“புளிசோறு. பத்து பேருக்கு. மண்டபத்து உப்புமால உப்பே இல்லனு போன தடவ சொன்னியே.”

“அய்ய, வாணாம் தைலா...”

“நாட்டுக்காகப் போறவங்க பட்டினி கெடக்கலாமா? இந்தா ஜமுக்காளம். மண்டபத்துத் தர ஜில்லுனு இருக்கும். விசிறியும் வச்சிக்கோ. ஆமா, மத்த எட்டு பேரு எங்க?”

“முன்னாடியே போய்ட்டாங்க.”

எதிர்வாசலில் நின்ற பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். புருசனைப் போலீஸ் பிடிக்கப் போகிறது என்ற துக்கம் என்று கண்ணாயிரம் நினைத்துக்கொண்டான். தைலம்மாள் அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். “பத்தரமா கொண்டு போ மாமா” என்றாள். உயிரைச் சொல்கிறாள் என்று அவன் நெஞ்சு நெகிழ்ந்தது. கொஞ்சம் குற்றவுணர்ச்சியும் வந்தது. தெருமுனை திரும்பியதும் அது போய்விட்டது.

பஸ் ஓடாது என்று சொல்லிவிட்டதால் சைக்கிள்தான். கேரியரில் குண்டான், முன் கம்பியில் பாவாடை, ஹேண்டில்பாரில் ஜமுக்காளம், சட்டைக்குள் முதுகுப்பக்கம் விசிறி. இரண்டு மணி நேர மிதி. பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

“அண்ணே, பஸ்ஸு வருது!”

“மூஞ்சத் திருப்பிக்கோடா! ஊர்க்காரங்க யாராச்சும் இருந்தா வூட்ல போய்ச் சொல்லிடுவாங்க.”

இரண்டு பேரும் இறங்கி, தூரத்தில் தெரிந்த கல்வராயன் மலையை அதற்கு முன் பார்த்தே இராதவர்கள் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் போல.

கள்ளக்குறிச்சித் தியேட்டர் வாசலைப் பார்த்ததும் கால் வலியெல்லாம் பறந்தது. முப்பது அடி உயரத்தில் ராஜதீபன் நின்றார். கழுத்தில் லாரி டயர் அளவுக்கு மாலை. கீழே மேளம், பட்டாசு, சூடம். முன்பின் தெரியாதவன் கண்ணாயிரத்தைக் கட்டிப்பிடித்து, “தலைவரு படம்ணே!” என்றான். கண்ணாயிரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே வந்தது! இங்கே வந்து, “இவன் யாரு, செத்தவனுக்குத் தம்பியா?” என்று எவனாவது கேட்பானா?

ஆண்கள் டிக்கெட் வரிசை கம்பிக்கூண்டுக்குள் போனது. ஒரு ஆள் நுழைகிற இடத்தில் கண்ணாயிரம், குண்டான், ஜமுக்காளம் மூன்றும் நுழைய வேண்டியிருந்தது.

“இன்னாண்ணே, படம் பாக்க வந்தியா, குடித்தனம் நடத்த வந்தியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“குண்டானுக்கும் டிக்கெட் எடுப்பாரா கேளு!” என்றது இன்னொன்று.

அவனுக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது கவுண்டர் பலகை படாரென்று சாத்திக்கொண்டது. பலகையில் எழுதியிருந்தது: இன்று நான்கு காட்சிகளும் அரங்கு நிறைந்தன.

பாவாடை அழ ஆரம்பித்தான். ஆனால் கண்ணாயிரம் அனுபவசாலி. பெண்களுக்குத் தனிக் கவுண்டர், அவர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட். அங்கே இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கட்டிய மூங்கில் படலுக்கு இந்தப் பக்கம் நின்று யாராவது ஒரு புண்ணியவதியிடம் காசைக் கொடுத்தால் எடுத்துத் தருவாள். முதல் நாள் ஆட்டத்தில் பாதி ஆண்கள் உள்ளே போவது அப்படித்தான்.

படலருகே வரிசையின் கடைசியில் ஒருத்தி, வெயிலுக்கு முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

“யம்மா, தாயே! ரெண்டு டிக்கெட்டு எடுத்துக் குடும்மா.”

முக்காடு, முடியாது என்பது போல ஆடியது.

“அப்பிடிச் சொல்லாதம்மா. உன்ன என் கூடப் பொறந்தவளா நெனச்சிக் கேக்கறேன்.”

அவள் தோள் குலுங்கியது.

“அழுவாதம்மா. உங்க அண்ணன் மாதிரி நெனச்சிக்கோ.”

தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. பிறகு திரும்பாமலே ஒரு கை படலுக்கு இந்தப் பக்கம் நீண்டது. கண்ணாயிரம் அதில் நோட்டை வைத்தான். கையைப் பார்க்கவில்லை, கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேரில்தான் ஆயிரம் கண்.

அவள் டிக்கெட் வாங்கினாள். உள்ளே போனாள். வரவில்லை.

மணி அடித்தது. கதவு சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மேளம் முழங்கியது. கால் வந்திருக்கும். ஆரவாரம் ஏறியது. கை வந்திருக்கும். தியேட்டரின் தகரக் கூரை அதிர்ந்தது. அந்த அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு ஒரு விசில் வந்தது. நீளமாக, நடுங்காமல், கடைசியில் ஒரு சுழி சுழித்து நின்றது. கண்ணாயிரம் வாய்வரை கொண்டுபோன விரலைக் கீழே இறக்கினான். சுவரைப் பார்த்து விசில் அடித்து என்ன பண்ண?

“என்னமா அடிக்கறான்டா! யாரா இருக்கும்?”

“உன்ன மாதிரியே கீதுண்ணே” என்றான் பாவாடை. “அந்தப் பொம்பள நம்மள ஏமாத்திட்டாளே.”

“பொம்பளைங்கள நம்பவே கூடாதுடா. நல்ல வேள, நம்ம வூட்ல இருக்கறதுங்களுக்குச் சூதுவாது தெரியாது.”

வெயிலில் குண்டான் சுட்டது. புளிசோற்று வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் கட்டிய முடிச்சைப் பாவாடை பல்லால் கடித்தும் அவிழ்க்க முடியவில்லை. தைலம்மாள் போட்ட முடிச்சு.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டிக்கெட் கிழிக்கிற கேட்காரர் எட்டிப் பார்த்தார்.

“நைனார்பாளையம் கண்ணாயிரம் யாருப்பா?”

கண்ணாயிரம் துள்ளி எழுந்தான். புண்ணியவதி டிக்கெட் அனுப்பிவிட்டாள்! “நான்தாங்க!”

“குண்டான், ஜமுக்காளம், விசிறி மூணும் கீதா?”

“கீதுங்க.”

“அப்ப எடுத்துகினு வா. தர டிக்கெட்ல பத்து பொம்பளைங்க உக்காந்துகினு கீறாங்க. இண்டர்வல் முடியறதுக்குள்ள சோறு வரணுமாம். பாதிப் படம் வெறுந்தரையில உக்காந்து இடுப்பு போச்சாம்.”

கண்ணாயிரம் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான். கால் தானாகப் போனது. திரையைப் பார்த்தான். ராஜதீபன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழவர் பல்பொடியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் தரையில், அவன் தெருவே உட்கார்ந்திருந்தது. எல்லார் தலையிலும் பொடிப்பொடியாகக் காகிதம். நீலக்கோடு போட்ட காகிதம். பச்சையம்மாள் கொண்டையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி தெரிந்தது.

“வா மாமா” என்றாள் தைலம்மாள். “மண்டபத்துல இருந்து எப்ப வுட்டாங்க?”

கண்ணாயிரம் குண்டானைக் கீழே இறக்கினான். “இப்பதான்.”

“அடிச்சாங்களா?”

“இல்ல.”

“நல்ல போலீசு. குங்குமம்கூட அழியல பாரு.” முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்த்தாள். “நாங்களும் டிக்கெட்டு கெடைக்குமானு பயந்துகினேதான் வந்தோம். யாரோ ஒரு அண்ணன், நல்ல மனுசன், நோட்டக் கையில வச்சிட்டாரு. கூடப் பொறந்தவள்னு வேற சொன்னாரு. திருப்பிக் குடுத்தா கோச்சிக்குவாருல்ல?”

பத்துப் பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

“அந்த விசிலு...” என்றான் கண்ணாயிரம்.

“தைலாக்காதான்!” என்றாள் பச்சையம்மாள். “ஆபரேட்டரே வெளிய வந்து எட்டிப் பாத்தாரு.”

“உனக்கு விசிலு அடிக்கத் தெரியுமா?”

“பதினோரு வருசமா நீ அடிக்கறதக் கேட்டுகினு கீறேனே மாமா, கத்துக்க மாட்டனா?”

“நானு அடிக்கும்போது மட்டும் தட்டி வுடுவ.”

“நீ அடிச்சா நான் எப்பிடி அடிக்கறது? ரெண்டும் கலந்துடாது?”

அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் போலிருந்தது. “தைலா, தலைவரு எப்பிடி வராரு? மொதல்ல காலா?”

“அத்த நீயே பாத்துக்கோ மாமா. சொல்லிட்டா ருசி போயிடும்.”

“ஆம்பளைங்க வெளிய!” என்று கேட்காரர் விரட்டினார்.

படம் விட்டதும் பெண்கள் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கழுவாத குண்டானும் சுருட்டிய ஜமுக்காளமும் கண்ணாயிரத்திடமே திரும்பி வந்தன. நைனார்பாளையம் வண்டி காலியாக நின்றது. தைலம்மாள் சன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாயிரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு சன்னலுக்குக் கீழே வந்தான். காலையில் மிதித்த இரண்டு மணி நேரமும் அப்போதுதான் காலில் ஏறியிருந்தது.

“தைலா, சைக்கிள டாப்புல போட்டுட்டு நாங்களும் ஏறிக்கறோம். காலு வலிக்குது.”

கண்டக்டர் விசில் ஊதினார். தைலம்மாள் தலையிலிருந்த காகிதத்தைத் தட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னா மாமா, மறந்துட்டியா? இன்னிக்குப் பஸ்ஸு ஓடாதுனு நீதான சொன்ன?”