கட்டைக்காரர் பிடித்த கொலைகாரன்

கோயமுத்தூர் ஜில்லாவில் யார் கொலைகாரன் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஜட்ஜுக்கு அடுத்தபடியாக எங்கள் அச்சாபீஸ் கட்டைக்காரருக்குத்தான் இருந்தது. ஜட்ஜாவது சாட்சியைக் கேட்பார். இவர் யாரையும் கேட்கமாட்டார்.

முப்பதுகளில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு நான் இங்கிலீஷ் துப்பறியும் கதைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அவற்றுக்குப் படங்களை மரக்கட்டையில் உளியால் செதுக்கித் தந்தவர் அவர். பெயரை யாரும் கேட்டதில்லை, கட்டைக்காரர், அவ்வளவுதான். பட அட்டையை முதலில் அடித்துக் காயப்போட்டுவிட்டு, கதையைப் பிறகு அச்சுக் கோப்பது எங்கள் வழக்கம். ஆகவே அவர் செதுக்கியதற்கு நான் கட்டுப்பட்டாக வேண்டும்.

துப்பறிகிறவனுக்கு நான் தொப்பி வைத்து எழுதினேன். அவர் அவன் தலையில் உருமால் கட்டிவிட்டார்.

"தொப்பி போட்டவன் ஊட்டுக்குள்ள வந்தா நம்ம நாயே உடாதுங்க. அப்பறம் எங்கீங்க துப்பறியறது?"

திருடன் குதிரை வண்டியில் தப்பிவிட்டான் என்று எழுதினேன். படத்தில் காங்கேயம் காளை பூட்டிய வண்டி அவனை மறித்து நின்றது. "நம்ம காளை தோக்கறாப்பல என்ற உளி செதுக்காதுங்க" என்றார். அகப்பட்டவனை மறுபடி தப்பவைப்பதற்குள் எனக்கு முழி பிதுங்கிவிட்டது.

"இன்னொருக்கா கதைய மாத்துனீங்கன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க" என்று முதலாளி அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அடுத்த கதையில் லண்டன் பங்களாவைத் துடியலூருக்குப் பெயர்த்து வந்தேன். செத்தவர் பண்ணையார். மூலக்கதைப்படி கொன்றவன் சமையற்காரன். கடைசி வாரப் படத்தில் அவன் கையில் விலங்கு இருக்க வேண்டும். நான் போனபோது அட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. விலங்கு பண்ணையாரின் தம்பி கையில்! சமையற்காரன் கரண்டியோடு நிமிர்ந்து நிற்கிறான்.

முதலாளி குதித்தார். கோபத்திலும் எங்கள் ஊர்க்காரருக்கு மரியாதை விட்டுப்போகாது.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? பண்ணையாரு தம்பியவே கொலைகாரன்னு போட்டா நாளைக்கு ஆருங்க வெளம்பரம் குடுப்பாங்க? உளிய எடுத்துட்டுக் கெளம்புங்க!"

"கெளம்பறனுங்க. அண்ணன் செத்தா காடு தோட்டமெல்லாம் ஆருக்குங்க, சமையக்காரனுக்கா? எங்கம்மா தொரை பங்களாவுல சோறாக்குனவீங்க. வெள்ளிக் கரண்டி காணோம்னதும் மொதல்ல அவீங்க மடியத்தான் சோதிச்சாங்க. கரண்டி தொரைசானி பொட்டியிலயே கெடந்துச்சுங்க. சமையக்காரன் கையில நான் வெலங்கு மாட்டமாட்டனுங்க."

உளிகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. என் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தெறிந்தேன். தம்பியே கொலைகாரன் என்று புதிதாக எழுதி முதலாளி மேஜையில் வைத்து, "போட்டா இதப் போடுங்க, இல்லாட்டி நானும் கெளம்பறனுங்க" என்றேன். அடித்த அட்டையை வீணாக்க மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

பீளமேட்டு மில் வாசலில் அந்த இதழ் சங்கு ஊதி ஓய்வதற்குள் தீர்ந்துபோனது. மறுநாள் முதலாளியே கட்டைக்காரர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்.

"வாரனுங்க. ஆனா இனிமே கொலைகாரன் ஆருன்னு மொதல்லயே என்றகிட்டச் சொல்லிப்போடோணும். எனக்குச் சம்மதம்னாத்தான் கொலையே நடக்கோணுமுங்க."

முதலாளி தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கொலைகளை எழுதிவிட்டேன். ஒரு சமையற்காரனைக்கூட ஜெயிலுக்கு அனுப்பவில்லை. கட்டைக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் கொலைகாரன் பெயரை எழுதுவதற்கு முன், அவருக்குச் சம்மதமாக இருக்குமா என்று பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன்.