சீமை போய்வந்த பொம்மை

சீன தேசத்துக் கான்டன் நகரில், வெள்ளைக்காரர் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் தெரு. தெரு முழுக்க மரப்பொம்மை செதுக்குகிறவர்கள்தான். தாடிக் கிழவரோ விசிறி பிடித்த சீமாட்டியோ, எதைச் செதுக்கினாலும் தலை ஆடவேண்டும். அப்போதுதான் கப்பல்காரன் வாங்குவான். வயிற்றுக்குள் ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, மேசையை லேசாகத் தட்டினால் தலை ஆடும். எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

தெரிந்து என்ன பயன்? பாவ் சாமியார் ஒரு பொம்மையோடு வந்து இறங்கினார்.

"இது சீமைக்குப் போச்சு. அங்க இருக்கப் பிடிக்கல. தானாவே கடல் தாண்டித் திரும்பி வந்துடுச்சு. கேட்டா பதில் சொல்லும்!"

அவ்வளவுதான். காலையில் பொம்மை விற்றவர்கள் மாலையில் பொம்மைக்கு ஊதுவத்தி கொளுத்தினார்கள். கோழியோடு ஒருவர் வந்தார், வாத்தோடு ஒருவர் வந்தார். பொம்மை எதையும் தின்னவில்லை. சாமியார் மட்டும் பெருத்தார்.

பக்கத்து வீட்டு லியுங்குக்குக் கடுமையான காய்ச்சல். கண் திறக்காமல் கிடந்தான். அவன் மனைவி சூக்கிங் மருந்துக்கு வைத்திருந்த காசை மாமியார் பிடுங்கிக்கொண்டு, அவளையும் சாமியாரிடம் இழுத்து வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

தரைவரை சிவப்புத் துணி தொங்கும் மேசை. மேலே பொம்மை, பின்னால் சாமியார்.

"மருந்து வேணாம், ஊதுவத்திச் சாம்பல் தண்ணி போதும், சரிதானே?" என்று கேட்டார் சாமியார். பொம்மை தலையாட்டியது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் ஆட்டியது.

"பாத்தியாடி? சாமியே சொல்லிடுச்சு!" என்றாள் மாமியார்.

சூக்கிங் கூடையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தாள். "இருங்க அத்தை. இது உங்க புள்ள செஞ்சது. இதையும் பக்கத்துல வைக்கிறேன். திருப்பிக் கேளுங்க சாமி."

"அது வெறும் மரம்மா!"

"மரம்னா சும்மா இருக்கட்டுமே. உங்களுக்கென்ன நஷ்டம்?"

"கேளுங்க சாமி!" என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் கேட்டார். இரண்டு பொம்மைகளும் ஒரே தாளத்தில் தலையாட்டின.

"ஐயோ, ரெண்டு சாமி!" என்று வாத்துக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். திருந்துகிற ஜென்மமா!

சூக்கிங் சிரிக்கவில்லை. "இப்ப எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

"தெய்வக்குத்தம் ஆயிடும்!"

"என் புருஷன் செத்தா அது யாரு குத்தம்?"

நாலு பேர் சாமியாரைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அங்கிருந்து அதே கேள்வியைக் கேட்டார். பொம்மைகள் அசையவே இல்லை.

"ஏன் சாமி, ஒத்தக் கால்லதான் செருப்பு போடுவீங்களா?" என்றாள் மாமியார். மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு செருப்பு மேசைக்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பெருவிரலால் மேசைக்காலை ஆட்டுவதற்குச் செருப்பு இடைஞ்சல் அல்லவா?

சாமியார் ஒற்றைச் செருப்போடு ஓடினார். மாமியார் அழுதபடியே காசை மருமகள் கையில் திணித்தாள். "போடி, வைத்தியரக் கூட்டிட்டு வா!" சூக்கிங் பறந்தாள். கஷாயம் உள்ளே போனது; லியுங் பிழைத்துக்கொண்டான்.

வாத்துக்காரர் மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சாமியார் போனா போகட்டும். சாமி உண்மைதானே?"

ஐயா, பொம்மை தலையாட்டினால் நமக்குக் காசு. நாம் தலையாட்டினால் யாருக்குக் காசு? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.